குழந்தை யாரை எப்படிக் கூப்பிடும்?

எங்கள் இல்லத்திலிருந்து ஒரு குழந்தையை வளர்ப்பு வீட்டுக்கு அனுப்பும்போது நிரப்புகிற படிவத்தில் பதினோராவதாக ஒரு கட்டம் இருக்கிறது. 'குழந்தை தன் வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடும்?' மேலிடத்திலிருந்து வந்த படிவத்தில் அது கிடையாது. கடைசியில் கொஞ்சம் கோணலாக, ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் துண்டுத் தாளில் எழுதி ஒட்டிச் சேர்த்தது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண் போன மாதம் எனக்குப் போன் செய்தாள். கம்ப்யூட்டரில் அதற்கு இடம் இல்லையாம். எடுத்துவிடலாமா, அது எதற்கு என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை, பழைய டிரைவரைக் கேளுங்கள் என்றார்கள் என்றாள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதியே தருகிறேன் என்றேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் அந்த இல்லத்தில் பத்தொன்பது வருஷம் வேன் ஓட்டினேன். அதற்கு முன் கரும்பு லாரியில் கிளீனர், துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை, விசாகப்பட்டினத்தில் ஓட்டல், நாக்பூர் வரை லாரி. எதிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. ஓர் ஊரில் டீக்கடைக்காரர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தால் எனக்குக் கிளம்பத் தோன்றிவிடும். இல்லத்தில் மட்டும் எப்படி நிலைத்தேன் என்று கேட்பார்கள். வண்டி தினமும் எங்காவது போய்க்கொண்டிருந்தது, அதனால்தான் இருக்கும்.

நானும் நெய்வேலியில் பிறர் வீட்டில் வளர்ந்தவன். அந்தக் காலத்தில் அதற்குப் பேரும் இல்லை, படிவமும் இல்லை. அம்மா இறந்த பிறகு அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். அந்த வேலை முடிந்து வடக்கே போகும்போது, பழக்கமான பர்மனென்ட் தொழிலாளி ஒருவரின் குவார்ட்டர்ஸில் என்னை விட்டார். ஒரு மாதம் என்றார். ஆறு வருஷம் ஆனது. அந்த வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் அந்த வீட்டம்மாவை நான் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா என்றால் அவர்கள் பிள்ளைகள் முறைக்கும். அத்தை என்று சொல்ல உறவு இல்லை. ஆறு வருஷமும் எதுவும் சொல்லாமலே ஓட்டினேன். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று இருமுவேன். வீட்டுக்காரருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்பது அவர் பிள்ளைகளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நைட் ஷிப்ட் வாரம் அவர் பகலில் தூங்குவார். அந்த வாரம் இரும முடியாது. அதனால் எதுவும் கேட்கமாட்டேன். பதினாலு வயதில் கரும்பு லாரியில் ஏறிவிட்டேன். அப்பா ஒரு தடவை வந்து விசாரித்ததாகப் பிறகு தெரிந்தது. அப்போது நான் எந்த ரோட்டில் இருந்தேனோ.

இதையெல்லாம் நான் வேலைக்குச் சேரும்போது சொல்லவில்லை. லைசென்ஸை மட்டும் காட்டினேன்.

இல்லத்தின் பொறுப்பில் இருந்தவர் ரெஜினா மேடம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஐந்து வயது சின்னவர், ஆனால் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார், அவ்வளவுதான். எதையும் முதலில் பென்சிலில் எழுதி, ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, பிறகு மையில் எழுதுவார். குழந்தையை வளர்ப்பு வீட்டில் விடுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அதில் ஒன்று தப்பினாலும் திரும்பிப் போகச் சொல்லுவார்.

வேன் நின்றதும் டிரைவர் முதலில் இறங்க வேண்டும். குழந்தையைத் தூக்கி இறக்கக்கூடாது, அதுவாக இறங்கும்வரை நிற்க வேண்டும். வாசலில் ஒப்படைக்கக் கூடாது. உள்ளே கூட்டிப்போய் முதலில் பாத்ரூம் எங்கே இருக்கிறது, அதன் விளக்கு சுவிட்ச் எது என்று காட்ட வேண்டும். 'ஏன் மேடம் மொதல்ல பாத்ரூமு?' என்று ஒருமுறை நானே கேட்டேன். புது வீட்டில் குழந்தை அதைத்தான் கேட்க வெட்கப்படும், அதைக் கேட்க முடியாமல்தான் முதல் நாள் அழும் என்றார். நாம் கிளம்பும்போது சொல்லாமல் நழுவக்கூடாது. அம்மா எப்போது வருவாள் என்று குழந்தை கேட்டால் தேதி சொல்லக்கூடாது, சீக்கிரம் என்றும் சொல்லக்கூடாது. 'எனக்குத் தெரியலை, தெரிஞ்சதும் வந்து சொல்லுதேன்' என்று மட்டும் சொல்ல வேண்டும். வேனில் போகும்போது டிரைவர் குழந்தையிடம் அதன் குடும்பத்தைப் பற்றி எதுவும் கேட்கக்கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கும் யாரும் கேட்பது பிடிக்காது.

அமுதா எங்களிடம் வந்தபோது ஐந்தரை வயது. தாய் பச்சையம்மாளுக்குக் காசநோய். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கூட இந்தக் குழந்தை ஒன்றுதான் இருந்தது. தகப்பன் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லி, குழந்தைகள் நலக் கமிட்டி எங்களிடம் அனுப்பியது. இரண்டு வாரம் இல்லத்தில் வைத்திருந்து நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸில் விட்டோம். வீட்டுக்காரர் மைன்ஸில் பெரிய மண்வெட்டி இயந்திரம் ஓட்டுகிறவர். வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மகன் வெளியூரில் இன்ஜினியரிங் படித்தான். மனைவி ராஜேஸ்வரி. வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது என்று தானே எழுதிக் கேட்டு வந்தவர்.

மூன்றாம் நாளே அமுதா ராஜேஸ்வரியை அம்மா என்று கூப்பிட்டது. எங்கள் அனுபவத்தில் மூன்று மாதமானாலும் பல குழந்தைகளுக்கு அந்தச் சொல் வாயில் வராது. ராஜேஸ்வரி போன் செய்து சொல்லும்போது அழுதுவிட்டதாக மேடம் சொன்னார். ஒரே ஒரு தொந்தரவுதான். குழந்தை அக்கா எங்கே, அக்கா எப்போது வரும் என்று ஓயாமல் கேட்டது. கோப்பில் அக்கா இல்லை. இரண்டு வாரம் இல்லத்தில் இருந்தபோது ஒரு பெரிய பெண் அதற்குத் தலைவாரிவிட்டாள், சோறு ஊட்டினாள். அவளைத்தான் கேட்கிறது என்று எல்லோரும் முடிவு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை வேனில் ஏற்றி நானே கூட்டிப்போனேன். அவள் புது பாவாடை கட்டிக்கொண்டு, கையில் வளையல் பாக்கெட்டோடு வந்தாள். அமுதா கேட் வரை ஓடிவந்து, வேனுக்குள் எட்டிப் பார்த்து, 'அக்கா வரலியா?' என்றது. அந்தப் பெண் திரும்பி வரும்போது வழியெல்லாம், 'என்னைத் தெரியலைன்னுடிச்சிண்ணா' என்று புலம்பிக்கொண்டே வந்தாள். வளையலைக்கூட அது வாங்கவில்லை. சின்னக் குழந்தை மறந்துவிட்டது என்றேன் நான்.

மாதம் ஒரு தடவை மேடம் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவார். சாப்பிடுகிறது, எடை கூடியிருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது. தாயைக் கேட்கவில்லை. ஒவ்வொரு அறிக்கையிலும் கடைசி வரி அதுதான். தாய் இருந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு கடிதம் போட்டோம். நோயாளி வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார் என்று பதில் வந்தது. எந்த இடம் என்று அதில் இல்லை. இப்படியே ஏழு மாதம். தாய் தேடி வரவில்லை, குழந்தையும் கேட்கவில்லை என்பதால், அமுதாவை நீண்டகாலப் பராமரிப்பாக ராஜேஸ்வரி வீட்டிலேயே வைக்கலாம் என்று கமிட்டியில் வைக்க மேடம் குறிப்புத் தயார் செய்தார். அப்படி ஆகிவிட்டால் பிறகு தாய் வந்தாலும் எளிதில் கூட்டிப்போக முடியாது. பாதியில் வரும் தாயைவிட நிலையான ஒரு வீடு நல்லது என்று அந்த வேலையில் எல்லோரும் நம்புவோம். நானும் நம்பினேன்.

கமிட்டிக்கு இரண்டு நாள் முன்பு, மருத்துவச் சான்றிதழுக்காக அமுதாவைக் கடலூர் கூட்டிப்போனேன். ராஜேஸ்வரிக்குக் காய்ச்சல், அதனால் இல்லத்து ஆயாம்மா ஒருவர் கூட வந்து பின் சீட்டில் தூங்கிவிட்டார். வடலூர் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பண்ருட்டி வழியாகப் போனேன். நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரிகள் வரிசையாக நின்றதால் வண்டி நகரவில்லை. அமுதா கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா இங்கதான் வரும்," என்றது. "கரும்பு வெட்டிகினு வரும்."

கேட்கக்கூடாது என்பது தெரியும். வாய் கேட்டுவிட்டது.

"உங்க அக்கா எம்மாம் பெருசு?"

"பெருசு. பொடவ கட்டிகினு இருக்கும்."

"கண்ணாலம் ஆயிடிச்சா?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தது. "ஆவாம? நான் அக்கா வயித்துலதான இருந்தேன்."

முன்னால் நின்ற லாரி நகர்ந்து, பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை ஓரம் கட்டினேன். அக்காவை வேறு யார் அக்கா என்று கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். சேகர் மாமா, ரஞ்சி சின்னம்மா, எல்லாரும் என்றது.

இது தெரியாதவன் இல்லை நான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த பெண் தம்பி தங்கைகளை வளர்ப்பாள். வீடு முழுக்க அக்கா, அக்கா என்றே சத்தம் கேட்கும். அவளுக்குக் குழந்தை பிறந்தால் அதுவும் அந்தச் சத்தத்தைக் கேட்டே பேசப் பழகும், தன் தாயை அக்கா என்று கூப்பிடும். யாரும் திருத்த மாட்டார்கள். லாரியில் என்னோடு இருந்த கூட்டாளி ஒருவன் தன் தாயைக் கொள்ளி வைக்கும்வரை அக்கா என்றுதான் சொன்னான். அவன் வீட்டில் நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஏழு மாதம் இந்தக் குழந்தை கத்தியதைக் காதில் வாங்காமல், வளையல் பாக்கெட்டோடு வேறு ஒருத்தியைக் கூட்டிப்போய் நிறுத்தியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது முழுக்க இதை எப்படிச் சொல்வது என்றே யோசித்தேன். விதியை மீறிக் கேட்டதற்கு வேலை போகலாம். அது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு நாளில் கமிட்டி. அதற்குள் சொன்னதை மேடம் நம்பவேண்டும்.

மேடம் கேட்டு முடித்ததும் பேனாவை மூடி வைத்தார். என் மேல் கோபம் என்று நினைத்தேன். பிறகு கோப்பை எடுத்து, முதல் அறிக்கையிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். 'தாயைக் கேட்கவில்லை' என்று எழுதியிருந்த ஏழு இடத்திலும் அடிக்கவில்லை. ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் எழுதினார்: 'இது தவறான பதிவு. குழந்தை அக்கா என்று கேட்டது தாயைத்தான். புரிந்துகொள்ளாதது நான்.' ஏழு தடவையும் முழுதாக எழுதி, ஏழு கையெழுத்துப் போட்டார். பென்சிலில் எழுதிப் பார்க்காமல் அவர் மையில் எழுதியதை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பதினோராவது கட்டத்தையும் அன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டினார். எடுப்பதும் வைப்பதும் இனி உங்கள் இஷ்டம்.

எல்லாம் முடிந்த பிறகு, "காசி, அக்கான்னு சொல்லிக்கிட்டு யாரும் இங்க போன் பண்ணினாங்களா?" என்றார்.

அவர் கை போன் ரிஜிஸ்டருக்குப் போவதற்குள் அந்தப் பக்கம் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. நான்கு மாதத்துக்கு முந்தைய பக்கம். என் கோணல் எழுத்து. 'மாலை ஒரு பெண். அக்கா பேசுகிறேன், அமுதாவிடம் கொடுங்கள் என்றார். கோப்பில் அக்கா இல்லை. மறுத்துவிட்டேன்.' கீழே போன் நம்பர், என் கையெழுத்து. அன்று ஆபீசில் யாரும் இல்லாததால் நான்தான் எடுத்தேன். தெரியாதவர்கள் கேட்டால் குழந்தை இங்கே இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லாதே, நம்பரை எழுதிக்கொண்டு வைத்துவிடு என்பது மேடத்தின் விதி. அந்தப் பெண் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். வைத்துவிட்டேன். மறுநாள் மேடம் அதைப் படித்துவிட்டு, இப்படித்தான் இருக்கணும் என்று சொன்னது வேறு எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவிருந்திருக்க வேண்டும்.

"ரூல் என்னோடது," என்றார். "வச்ச கை உங்களுது. ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சிருக்கோம்."

அந்த நம்பர் இரண்டு நாள் அணைந்தே கிடந்தது. கமிட்டியில் மேடம் தன் குறிப்பைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டு, தாயைத் தேட அவகாசம் கேட்டார். மூன்றாம் நாள் ஒரு ஆள் எடுத்தார். தன் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு ஒரு தடவை போன் கொடுத்தேன், இப்போது எப்படி இருக்கிறதோ, அந்த வார்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று கேள்வி என்றார். ஆஸ்பத்திரி பேரைச் சொன்னார். விழுப்புரம் தாண்டி மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் மேடம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருக்கிறாளா என்று இரண்டு பேரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பச்சையம்மாள் இருந்தார். வராந்தா ஓரத்தில், முகத்தில் துணி கட்டி, எலும்பும் தோலுமாக. மேடம் யார் என்று சொன்னதும் எங்களை நெருங்காமல் நான்கு அடி தள்ளி நின்றுகொண்டார். நோய் ஒட்டிவிடும் என்று. அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்க வேற யாரயாவது அக்கான்னு கூப்புடுதா?"

இல்லை என்றார் மேடம்.

"அம்மான்னு?"

மேடத்துக்குப் பொய் வராது. அந்த வீட்டு அம்மாவை அப்படிக் கூப்பிடுகிறது என்றார்.

"அது பரவால்ல," என்றார் பச்சையம்மாள். அப்புறம்தான் அழுதார்.

போனில் பெற்றவள் என்று சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். "சொல்லத்தான் வாயெடுத்தங்க. அந்தாளு வச்சிட்டாரு," என்றார். அந்த ஆள் நான்தான் என்று அங்கேயே சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ராஜேஸ்வரியின் போனில் தாயும் மகளும் பேச ஏற்பாடானது. அக்கா என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அமுதா மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் என்று ராஜேஸ்வரி சொன்னார். நான் போகும்போதெல்லாம் கேட் வரை வந்து விசாரிப்பார். மருந்து கேட்கிறதா, எடை ஏறுகிறதா, எத்தனை மாதம் ஆகும். என்ன பதில் வேண்டும் என்று அவருக்கே தெரியாத மாதிரி இருக்கும் அந்தக் கேள்வி. நான் விதிப்படி, தெரியலைங்க என்பேன்.

ஐந்து மாதம் கழித்து, நோய் தீர்ந்தது என்ற காகிதத்தோடு பச்சையம்மாள் கடலூரில் கமிட்டி முன் வந்து நின்றார். குழந்தை சொன்ன அந்த ரஞ்சி, வெளியூரில் கரும்பு வெட்டப் போயிருந்த தங்கை, மேல்பட்டாம்பாக்கத்தில் வீடு பார்த்து, அக்காவைக் கூட வைத்துக்கொள்ள வந்திருந்தாள். கமிட்டியில் ஒருவர் புதியவர். டிரைவர்கள் உள்ளே போகக்கூடாது. நான் கதவோரம் நின்றேன். புதியவர் கோப்பைப் புரட்டிவிட்டு, குழந்தையையே கேட்கிறேன் என்றார்.

"உங்க அம்மா யாரும்மா?"

அமுதா ராஜேஸ்வரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவரைக் காட்டியது.

"இவங்க?" என்று பச்சையம்மாளைக் காட்டினார்.

"அக்கா."

புதியவர் மற்றவர்களைப் பார்த்தார். மேடம் பேச எழுந்தார். குழந்தை பேசட்டும் என்று புதியவர் கையைக் காட்டிவிட்டார். யாரோடு போகிறாய் என்று கேட்டார். அமுதா முந்தானையை இன்னும் சுருட்டிப் பிடித்தது. பச்சையம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. இன்னொரு மாதம் பார்க்கலாமே என்று புதியவர் எழுதத் தொடங்கினார். ராஜேஸ்வரி பேசாமல் இருந்திருந்தால் போதும். அந்த ஒரு மாதம் இன்னொரு மாதம் ஆகியிருக்கும்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் ராஜேஸ்வரி. "இவ வந்த ரெண்டாவது மாசமே எனக்குத் தெரியும். தலை பின்னும்போது சொன்னா, அக்கா வயித்துல இருந்தேன்னு. நான் யார்கிட்டயும் சொல்லலை. மேடம் வந்து எழுதும்போதெல்லாம் பக்கத்துல காபிய வச்சுட்டு நின்னேன். இவளுக்கு அம்மாங்கறது சும்மா ஒரு பேருங்க. அக்காதான் ஆத்தா."

மேடத்தின் பேனா மேசையில் மூடியபடி இருந்தது. ராஜேஸ்வரி முந்தானையை உருவிக்கொள்ளவில்லை. குழந்தை பிடித்த பிடியோடு அதை நடத்திக்கொண்டு போய் பச்சையம்மாள் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அமுதாவின் இன்னொரு கை தானாகப் போய்ப் பச்சையம்மாளின் விரலைப் பிடித்தது. புதியவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

இருந்தது ஒரே வேன். மேடம் கமிட்டி வேலையாகக் கடலூரிலேயே தங்கிவிட்டார். எல்லோரும் அதே வண்டியில் ஏறினார்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் பச்சையம்மாளும் ரஞ்சியும் குழந்தையும் இறங்கினார்கள். ராஜேஸ்வரி இறங்கவில்லை. அமுதா மட்டும் ஜன்னல் பக்கம் வந்து, 'அம்மா, டாட்டா' என்றது, கடைக்குப் போகிறவருக்குச் சொல்வது போல. பண்ருட்டி தாண்டும்வரை நான் கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டினேன். முந்திரிக் காடு வந்தபோதுதான் ராஜேஸ்வரி பேசினார்.

"காசி, ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணலாம்ல?"

"பண்ணுங்கம்மா."

"அந்தத் தங்கச்சிதான் எடுக்கும். யாரு பேசறதுன்னு கேக்கும். என்னன்னு சொல்றது?"

"அம்மா பேசறேன்னே சொல்லுங்க," என்றேன். "அந்த வூட்ல அந்தப் பேர்ல வேற யாரும் இல்ல."